மராமத்துக்காரர்களைத் தவறவிட்ட செய்திகள்

1955-இல் அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளுக்கு ஐபிஎம் 704 என்ற புதிய கணினி வரவிருந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம்; வாடகையும் மலைக்கவைக்கும் தொகை. ஆனால் இயந்திரத்தோடு கூட வரும் நிரல்கள் மிகக் குறைவு. சைன், கொசைன் கணக்கிடுவதற்கும், துளையட்டையில் உள்ள எண்களைப் படித்து உள்ளே ஏற்றுவதற்கும்கூட ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களை உட்காரவைத்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே வேலையைப் பத்து இடத்தில் பத்துப் பேர் செய்வானேன் என்று யோசித்த சிலர் அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் கூடினார்கள். லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் போன்ற விமான நிறுவனத்தாரும் ராண்ட் ஆய்வு நிறுவனத்தாரும் அவர்களில் உண்டு. ராணுவ ஒப்பந்தங்களுக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றவர்கள், நிரல்களை மட்டும் பொதுவில் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். சங்கத்துக்கு 'ஷேர்' என்று பெயர். ஒருவர் எழுதியது சங்கத்தின் நூலகத்துக்குப் போகும், மற்றவர் எடுத்துக்கொள்வார், பிழை கண்டால் திருத்தித் திருப்பி அனுப்புவார்.

அவர்கள் யாரும் கலகக்காரர்கள் இல்லை. டை கட்டிய பொறியாளர்கள். கணினி தயாரிப்பவருக்கு அன்று வருமானம் இயந்திரத்தில் இருந்தது. நிரல் அதோடு ஒட்டி வரும் துணைச் சரக்கு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளை வைத்திருந்தவர்களும் 1961-இல் 'டீகஸ்' என்று இதேபோல ஒரு சங்கம் கண்டார்கள். பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூலநிரல், அதாவது மனிதர் படித்துப் புரிந்துகொண்டு திருத்தக்கூடிய வடிவில் இருக்கும் நிரல், கைமாறிக்கொண்டே இருந்தது.

பகிர்வதுதான் முதலில் வந்த வழக்கம். பூட்டி விற்பது பிறகு வந்தது. இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால், பின்னாளில் செய்தித்தாள்களும் இதழ்களும் இந்தக் கதையைச் சொன்னபோது பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. விலைக்கு விற்கும் மென்பொருளே இயல்பு, பகிரும் மென்பொருள் சில லட்சியவாதிகள் திடீரென்று கிளப்பிய விசித்திரம் என்கிற தொனியிலேயே பல ஆண்டுகள் எழுதப்பட்டது.

வழக்கம் மாறியது படிப்படியாகத்தான். 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை ஐபிஎம் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூனில், இனி நிரலுக்கும் சேவைக்கும் தனித்தனியே விலை என்று ஐபிஎம் அறிவித்தது. நிரல் சந்தைக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது. 1980-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலைப் பெயர் சொல்லியே தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1983 பிப்ரவரியில் ஐபிஎம் அடுத்த கதவையும் சாத்தியது: புதிய நிரல்களை இயந்திரம் மட்டும் படிக்கும் வடிவில்தான் தருவோம், மூலநிரல் கிடையாது.

இடையில் 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் பில் கேட்ஸ். அப்போது அவருக்கு வயது இருபது. ஆல்டேர் என்ற சிறு கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழி, காகித நாடாவில் படியெடுக்கப்பட்டு கலிபோர்னியாவின் கணினி ஆர்வலர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது. பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் காசு கொடுக்கவில்லை, இதை உருவாக்கச் செலவான கணினி நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல் என்று அவர் கடிந்து எழுதினார். அவருடைய மனக்குறையில் நியாயம் இருந்தது. உழைத்தவர் கூலி கேட்பது தவறாகாது. ஆனால் அந்தக் கடிதம் இன்னொன்றையும் சொன்னது: கூலி இல்லாவிட்டால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள்? தொழில்முறை வேலையை யார் இலவசமாகச் செய்வார்கள்? இந்தக் கேள்வியைத்தான் ஊடகங்கள் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திருப்பித் திருப்பிக் கேட்டன.

பதில் அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அச்சேறத் தொடங்கிவிட்டது. மென்லோ பார்க்கில் இயங்கிய 'மக்கள் கணினி நிறுவனம்' என்ற அமைப்பு, சிறிய கணினிகளுக்கேற்ற எளிய பேசிக் மொழி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரைவை 1975-இல் தன் இதழில் வெளியிட்டது. வாசகர்கள் எழுதிப் பார்த்தார்கள்; எழுதியதை அனுப்பினார்கள். வந்து குவிந்தவற்றுக்காகவே 1976 ஜனவரியில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' என்ற தனி இதழ் பிறந்தது. பக்கம் பக்கமாக நிரல் அச்சாகும். வாசகர் அதைப் பார்த்துத் தன் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். தவறு தென்பட்டால் ஆசிரியருக்கு எழுதுவார். அடுத்த இதழில் திருத்தம் வரும். லி-சென் வாங் என்பவர் எழுதிய பேசிக் அந்த ஆண்டு அதில் வெளியானபோது, பதிப்புரிமை அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில், 'காப்பிரைட்' என்பதைக் கவிழ்த்து 'காப்பிலெஃப்ட்' என்று போட்டிருந்தார். பகிரும் மென்பொருளின் கதையில் ஒரு பத்திரிகை வேடிக்கை பார்க்காமல் பங்காளியாகவே இருந்த காலம் அது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் பெருமைப்பட வேண்டிய அத்தியாயம். இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் கேட்ஸின் கடிதத்தை மறப்பதில்லை. இந்த இதழை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் அச்சிடும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆய்வாளர்கள் அவரவர் இடத்திலிருந்தே அச்சிட அனுப்புவார்கள். காகிதம் சிக்கிக்கொண்டால், தெரியாமல் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அங்கு வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்தார்: காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரையில் உடனே செய்தி வரும்; யாராவது எழுந்துபோய் எடுத்துவிடுவார்கள். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை அந்தக் கூடத்துக்குக் கொடுத்தது. வேகமான இயந்திரம், ஆனால் அதுவும் சிக்கும். பழைய மாற்றத்தை இதிலும் செய்யலாம் என்றால் மூலநிரல் வரவில்லை. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாக அவர் மறுத்துவிட்டார். ஒரு தனிமனிதரின் ஒப்பந்தம் ஒரு கூடத்தில் இருந்த அத்தனை பேரின் வேலையையும் தடுத்தது ஸ்டால்மனை உறுத்தியது. விலை அங்கே பிரச்சினையே இல்லை. இயந்திரம் அன்பளிப்பாக வந்ததுதான். பழுதை நாமே சரிசெய்துகொள்ளும் உரிமை கைவிட்டுப் போனதுதான் பிரச்சினை.

1983 செப்டம்பர் 27-ஆம் தேதி, யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். 'குனு' என்று அதற்குப் பெயர். இந்த உரிமைகளோடு வருவதே கட்டற்ற மென்பொருள். அதே மாதம் 5-ஆம் தேதியிட்ட 'நியூஸ்வீக்' அட்டையில் ஒரு பதினேழு வயது இளைஞனின் படம். பிறர் கணினிகளுக்குள் தொலைபேசி வழியே புகுந்த மில்வாக்கி இளைஞர் கூட்டத்தில் அவனும் ஒருவன். அந்தக் கோடையில்தான், அமெரிக்க ராணுவக் கணினிக்குள் தெரியாமல் புகுந்து அணு ஆயுதப் போரின் விளிம்புக்கு உலகைக் கொண்டுபோகும் பையனைப் பற்றிய 'வார் கேம்ஸ்' திரையரங்குகளில் ஓடியது. நிரலைத் திறந்து பார்த்துத் திருத்துகிறவர் என்றாலே அத்துமீறுகிறவர் என்ற படம் பொதுமக்கள் மனத்தில் பதிந்த அதே மாதத்தில், நிரலைத் திறந்து பார்ப்பதை உரிமையாக்கும் வேலை எந்த அட்டைப்படமும் இல்லாமல் தொடங்கியது. அந்த முதல் படத்தின் கறை முழுதாகப் போக நெடுநாள் ஆயிற்று.

ஸ்டால்மன் 1984 ஜனவரியில் வேலையை விட்டார். ஈமேக்ஸ் என்ற தன் உரைதிருத்தி நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதைப் படியெடுத்து யாருக்கும் தரலாம். விற்பனைக்கும் சுதந்திரத்துக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1989-இல் வந்தது குனு பொது உரிமம். அதன் வேலை நுட்பமானது. பதிப்புரிமைச் சட்டத்தை அது எதிர்க்கவில்லை. அதையே தூணாகப் பிடித்துக்கொண்டது. நிரலின் உரிமையாளர் தன் உரிமையை வைத்துக்கொண்டே சொல்கிறார்: நீ எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் உன்னிடமிருந்து வாங்குகிறவருக்கு மூலநிரலையும் இதே உரிமைகளையும் கொடுத்தாக வேண்டும். மீறினால் அது பதிப்புரிமை மீறல். 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் இந்த உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, இது தர்மச்சத்திரம் இல்லை. எழுதி வைத்த நிபந்தனைகள் உள்ள ஒப்பந்தம். இந்தத் துறையைப் பற்றி எழுதிய நிருபர்கள் அந்த உரிமத்தின் சில பக்கங்களைப் படித்திருந்தாலே பாதிக் குழப்பம் வந்திருக்காது.

ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அடுத்த ஆண்டே இந்த உரிமத்தின்கீழ் வந்ததும், குனு கருவிகளோடு சேர்ந்து அது லினக்ஸ் என்று பெயர் பெற்றதும் பலரும் அறிந்த கதை. ஊடக வெளிச்சம் விழுந்தது 1998-இல். அந்த ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. பிப்ரவரியில் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்த 'ஓப்பன் சோர்ஸ்' (திறமூலம்) என்ற பெயர், வணிக நிறுவனங்களின் காதுக்கு இதமாக இருக்கும் என்று பரப்பப்பட்டது. ஆகஸ்டில் 'ஃபோர்ப்ஸ்' இதழின் அட்டையில் டோர்வால்ட்ஸ். தனி ஒருவன், பெரும் நிறுவனத்துக்கு எதிராக. இதழ்களுக்குப் பிடித்த கதை. அப்போதே அந்தக் கருநிரலில் நூற்றுக்கணக்கானோரின் கைவேலை இருந்தது. அச்சுப்பொறிக்கும் வலையட்டைக்குமான இயக்கி நிரல்களை எழுதிய அவர்களில் ஒருவர் முகமும் வாசகருக்குத் தெரியவில்லை.

பிறகு பங்குச்சந்தை. 1999 டிசம்பர் 9-ஆம் தேதி வி.ஏ. லினக்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு 30 டாலருக்கு வெளியிடப்பட்டு அன்று மாலையே 239 டாலரைத் தாண்டி முடிந்தது. ஒரே நாளில் 698 சதவீதம். அன்றுவரை லினக்ஸ் என்று எழுதியிராத இதழ்களும் எழுதின. ஓராண்டுக்குள் அந்தப் பங்கு 10 டாலருக்கும் கீழே. லினக்ஸ் முடிந்தது என்றும் எழுதினார்கள். கருநிரலுக்கு அந்த ஏற்றத்தாலும் இறக்கத்தாலும் எதுவும் ஆகவில்லை. வாரா வாரம் திருத்தங்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

2001 ஜூன் 1-ஆம் தேதி 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழில் மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரின் பேட்டி வந்தது. லினக்ஸ் தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் புற்றுநோய் என்றார் அவர். உலகம் முழுக்க அந்தச் சொல் மறுபதிப்பானது. பொது உரிமம் அப்படி எல்லாவற்றையும் தானாகப் பற்றிக்கொள்வதில்லை; பொது உரிம நிரலைத் தன் நிரலோடு கலந்து பிறருக்குக் கொடுத்தால்தான் நிபந்தனை பொருந்தும்; ஒரு கணினியில் லினக்ஸை ஓட்டுவதால் உங்களுடைய எந்த ஆவணமும் பொதுச்சொத்தாகிவிடாது. மறுபதிப்பு செய்தவர்கள் இந்த விளக்கத்தையும் கூடவே போட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1998 அக்டோபர் இறுதியில், மைக்ரோசாஃப்டின் உள்சுற்றறிக்கைகள் கசிந்திருந்தன. திறந்த முறையில் உருவாகும் மென்பொருள் வணிக மென்பொருளின் தரத்தை எட்டவும் மிஞ்சவும் கூடும் என்று அவற்றில் அந்த நிறுவனத்தின் பொறியாளரே எழுதியிருந்தார். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல், திறமூல நிரல்கள் பெருமளவில் குடியிருக்கும் கிட்ஹப் தளத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-இல் அதன் தலைவர் பிராட் ஸ்மித், இந்த விஷயத்தில் தாங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றதாகப் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார்.

ஓர் இதழின் பாதையை மட்டும் தொடர்ந்து பார்த்தாலே போதும், ஊடகப் பார்வை எப்படி ஊசலாடியது என்று தெரியும். டோர்வால்ட்ஸை அட்டையில் போட்ட அதே 'ஃபோர்ப்ஸ்', 2003 அக்டோபரில் பொது உரிமத்தை நடைமுறைப்படுத்தக் கேட்பவர்களைக் கூலிப்படைக்கு ஒப்பிடும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டது. லிங்க்சிஸ் நிறுவனம் தன் வைஃபை ரௌட்டரில் லினக்ஸை வைத்து விற்றுவிட்டு மூலநிரலைத் தராமல் இருந்ததும், உரிமத்தின்படி தரும்படி ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கேட்டதும்தான் விவகாரம். கடைசியில் மூலநிரல் வெளியானது. அதை அடித்தளமாக வைத்து 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற திட்டம் வளர்ந்தது. தயாரித்தவரே கைவிட்ட பல பழைய ரௌட்டர்கள் இன்னும் அதனால் ஓடுகின்றன.

அதே 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்ற நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் திருட்டுத்தனமாகப் புகுத்தப்பட்டுவிட்டது என்று ஐபிஎம் மீது 100 கோடி டாலர் வழக்குப் போட்டது. லினக்ஸைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒரு செயலிக்கு 699 டாலர் கட்ட வேண்டும் என்றும் கேட்டது. தொழில் இதழ்கள் பலவும் இதை லினக்ஸின் மரண ஓலையாகவே வாசித்தன. எந்த வரி திருடப்பட்டது என்று கேட்டு, காட்டப்பட்ட வரிகளைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, அவை வேறு வழியாக நியாயமாக வந்தவை என்று நிறுவியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 2010-இல் நடுவர் குழு, யூனிக்ஸ் பதிப்புரிமையே எஸ்சிஓவிடம் இல்லை, நோவெல் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. எஸ்சிஓ சொன்னதை நம்பி எழுதிய 'ஃபோர்ப்ஸ்' செய்தியாளர் டேனியல் லயன்ஸ் 2007-இலேயே, தான் ஏமாந்ததாக வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மைக்கு மரியாதை செய்ய வேண்டும். அவர் அளவுக்குத் திரும்பிப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

விக்கிப்பீடியா விஷயத்தில் நடந்ததும் இதே வகைதான். 2001 ஜனவரி 15-இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய அந்தக் கலைக்களஞ்சியம், 2005 நவம்பர் இறுதியில் பெரிய தலைப்புச் செய்தியானது. ஜான் சீகன்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தும் பொய் அவரைப் பற்றிய பக்கத்தில் நான்கு மாதங்கள் கிடந்தது. 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழில் அவர் அதை வேதனையோடு எழுதினார். அவர் கோபம் முற்றிலும் நியாயம். உயிரோடிருப்பவர்களைப் பற்றி எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டிய கறாரான விதிகள் அதன் பிறகுதான் உருவாயின. அடுத்த மாதமே 'நேச்சர்' அறிவியல் இதழ் 42 கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது: சராசரியாக விக்கிப்பீடியா கட்டுரைக்கு நான்கு பிழை, பிரிட்டானிகா கட்டுரைக்கு மூன்று. பிரிட்டானிகா அந்த ஆய்வு முறையைக் கடுமையாக மறுத்தது. அந்த விவாதத்தை விடவும் 2009-இல் நடந்த ஒன்று இங்கே முக்கியம். திரை இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் இறந்த செய்தி வந்தவுடன், அயர்லாந்து மாணவர் ஒருவர் தானே கற்பனை செய்த ஒரு மேற்கோளை அவர் சொன்னதாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். சான்று இல்லை என்று விக்கிப்பீடியர்கள் அதை நீக்கினார்கள். அவர் மறுபடி சேர்க்க, மறுபடி நீக்கினார்கள். அதற்குள் 'கார்டியன்' உட்படப் பல நாளிதழ்களின் அஞ்சலிக் குறிப்புகளில் அது அச்சாகிவிட்டது. அந்த மாணவர் தாமாக எழுதித் தெரிவித்த பிறகே பத்திரிகைகள் திருத்தின. சான்று கேட்டவர்கள் சம்பளமில்லாத விக்கிப்பீடியர்கள். கேட்காமல் எடுத்துப் போட்டவர்கள் தொழில்முறைச் செய்தியாளர்கள்.

நாயகன், பங்கு விலை, வழக்கு, அவதூறு. இந்த நான்கு வாசல் வழியாகத்தான் கட்டற்ற மென்பொருளும் திறந்த அறிவும் செய்திக்குள் வந்தன. ஐந்தாவது வாசல் ஒன்று இருக்கிறது, மராமத்து. அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்காததன் விலை 2014-இல் தெரிந்தது.

வங்கித் தளத்திலோ மின்னஞ்சலிலோ கடவுச்சொல்லைத் தட்டும்போது, இடையில் யாரும் படிக்காதபடி அதை மறையாக்கும் வேலையை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரல் பல லட்சம் சர்வர்களில் செய்துவந்தது. அதில் ஒரு சிறு வசதி: இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணினி மற்றதிடம், 'இந்தச் சொல்லை அனுப்புகிறேன், இத்தனை எழுத்து, அப்படியே திருப்பிச் சொல்' என்று கேட்கும். எத்தனை எழுத்து என்று கேட்பவர் சொன்னதை நிரல் சரிபார்க்காமல் நம்பியது. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு அறுபதாயிரத்துக்கும் மேல் என்று பொய் சொன்னால், அந்த ஓர் எழுத்தோடு சேர்த்து நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும். அதில் அடுத்தவர் கடவுச்சொல் இருக்கலாம். சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். 2011 கடைசி நாளில் நிரலுக்குள் நுழைந்த இந்தப் பிழை 2014 ஏப்ரல் 7-இல்தான் வெளியே தெரிந்தது. 'ஹார்ட்பிளீட்' என்று பெயரும், ரத்தம் சொட்டும் இதயச் சின்னமும் கிடைத்ததால் உலகச் செய்தியானது. திறந்த மென்பொருள் பாதுகாப்பற்றது என்று தலையங்கங்கள் வந்தன.

அந்த நிரலை முழுநேரமாகக் கவனித்துக்கொண்டவர் ஒரே ஒருவர் என்பதும், அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பதும் பிறகே வெளிச்சத்துக்கு வந்தன. உலகின் பெரும் நிறுவனங்கள் அதைத் தங்கள் வாசற்பூட்டாக வைத்திருந்தன. பூட்டுக்கு எண்ணெய் போட ஆளில்லை. நம் ஊர்களில் குடிமராமத்து நின்றுபோன ஏரி எப்படித் தூர்ந்துபோகுமோ அப்படித்தான் பொதுநிரலும்: எல்லோரும் தண்ணீர் எடுப்பார்கள், மதகைப் பார்க்க யாரும் போகமாட்டார்கள், உடைந்த அன்று ஊரே கரையில் நிற்கும். அந்த ஏப்ரல் மாதமே லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைச் சேர்த்து இத்தகைய நிரல்களுக்கென நிதி திரட்டத் தொடங்கியது. செய்தி பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் அந்த நிதியும் முன்பே வந்திருக்கலாம்.

பாடம் முழுதாக ஏறவில்லை. 2024 மார்ச் 29-இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளவாசல் வைத்திருந்தது அம்பலமானது. சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு நூல் பிடித்துப் போன ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். உலகைக் காப்பாற்றிய நாயகன் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் கள்ளவாசல் வைத்தவர் உள்ளே வந்த வழி எது? அந்த நிரலைப் பல ஆண்டுகள் சம்பளமின்றித் தனியாகச் சுமந்தவர், மனம் தளர்ந்திருப்பதை 2022-இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். வேகம் போதாது என்று முகம் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். அந்த நேரத்தில் உதவிக்கரம் நீட்டியவரிடம் அவர் பொறுப்பைப் பகிர்ந்தார். இரண்டாண்டுக்கும் மேலாக நல்லவர் வேடம் போட்ட அந்தக் கரம்தான் கள்ளவாசலை வைத்தது. இங்கே உண்மையான செய்தி அந்தத் தனிமனிதரின் களைப்பு.

இந்தியாவிலும் பார்வை வேறு மாதிரி இல்லை. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2019-இல் பள்ளிகளின் இரண்டு லட்சம் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பு வந்தபோது நாளிதழ்களில் தலைப்பு ஒன்றுதான்: 3,000 கோடி ரூபாய் மிச்சம். மிச்சமானது நல்லதுதான். ஆனால் மலையாளத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே பயிற்சி பெற்று, தங்கள் வகுப்புக்கு வேண்டியதை அந்த மென்பொருளில் சேர்த்துக்கொண்டதுதான் அங்கே நடந்த பெரிய காரியம். பணக்கணக்கில் அது வராது.

தமிழுக்குப் பகிரும் வழக்கம் புதிதில்லை. பாரதியின் படைப்புகள் தனியார் உரிமையில் சிக்கியிருக்கக் கூடாது என்று எழுத்தாளர்களும் இதழ்களும் குரல் கொடுத்து, 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை விலைக்கு வாங்கி, 1950-களில் மக்களுக்கே கொடுத்துவிட்டது. அன்று நம் பத்திரிகைகள் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சங்க இலக்கியம் முதல் பாரதிதாசன் வரை தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை மற்றவர் மெய்ப்புப் பார்த்து வெளியிட்டார்கள். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005-இல் நூலகம் திட்டம் வந்தது. இன்று தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடுகிற மாணவரும், பழைய பாட்டின் வரியைச் சரிபார்க்கிற உதவி ஆசிரியரும் பெரும்பாலும் இந்தக் கைகள் தட்டிய பக்கங்களில்தான் போய் நிற்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டபோது அந்த எண்ணிக்கை செய்தியானது. அந்த லட்சத்தில் யார் எழுத்துப்பிழை திருத்துகிறார்கள், யார் விஷமத்தனமான மாற்றங்களை நள்ளிரவில் நீக்குகிறார்கள் என்று கேட்ட செய்தி அரிது.

விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான தமிழ் விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிக் கொடுத்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் இடது பக்கத்தில் உரையாகவும் வலது பக்கத்தில் அச்சுப் படமாகவும் திறக்கும். கணினி படித்துத் தந்த உரையில் 'ரு' என்பது 'ரூ' ஆகியிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி விழுந்திருக்கும். அடிக்குறிப்பு நடுவில் வந்து ஒட்டியிருக்கும். ஒருவர் படத்தைப் பார்த்துத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி ஒப்பிட்டுச் சரி என்றால்தான் பச்சையாகும். பச்சையாகாத பக்கங்கள் இன்னும் பல்லாயிரம் கிடக்கின்றன.

ஊடகத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது இது: அடுத்த முறை ஒரு கட்டற்ற நிரலைப் பற்றியோ திறந்த அறிவுத் திட்டத்தைப் பற்றியோ எழுதும்போது, தொடங்கியவர் யார், எவ்வளவு மிச்சம் என்பதோடு நிறுத்தாமல், இன்றைக்கு இதைப் பராமரிப்பவர் யார், அவர் செலவுக்கு யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். வாசிக்கிறவர்களில் தமிழ் தட்டச்சு தெரிந்தவர்கள் விக்கிமூலத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, தங்களுக்குப் பிடித்த நூலில் ஒரு பக்கத்தை எடுத்து மெய்ப்புப் பாருங்கள்.